வீல்சேரில் லண்டன்: பேருந்துக்கு முழு மதிப்பெண், ட்யூபுக்குப் பாதிதான்

லண்டனுக்கு வீல்சேரில் போகத் திட்டமிடும்போது பலரும் முதலில் விசாரிப்பது ட்யூப் எனப்படும் பாதாள ரயிலைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த ஊரில் வீல்சேரை நம்பி ஏற்றக்கூடிய வண்டி சிவப்புப் பேருந்து. பழமைக்காக ஓட்டப்படும் பாரம்பரிய வண்டிகளை விட்டுவிட்டால், எல்லா வழித்தடங்களிலும் ஓடுவது தாழ்தளப் பேருந்துகள். ஒவ்வொன்றிலும் நடுக் கதவில் மோட்டார் சாய்பலகை உண்டு. வீல்சேரில் இருப்பவருக்குக் கட்டணமும் இல்லை, அட்டை எதுவும் காட்ட வேண்டியதில்லை. உடன் வருபவர் மட்டும் தன் வங்கி அட்டையையோ ஆய்ஸ்டர் எனும் முன்பணப் பயண அட்டையையோ கட்டணக் கருவியில் தட்டினால் போதும்.

ஏறும் முறை இதுதான். பேருந்து வரும்போது கை காட்டுங்கள். நடுக் கதவருகே வெளிப்புறத்தில் வீல்சேர் படம் போட்ட நீலப் பொத்தானை அழுத்துங்கள். இறங்குபவர்கள் இறங்கியதும் ஓட்டுநர் கதவை மூடி, சாய்பலகையை நீட்டி, மீண்டும் திறப்பார். கதவு மூடுவதைப் பார்த்து வண்டி கிளம்பிவிட்டது என்று பதற வேண்டாம். கதவை ஒட்டியும் நிற்க வேண்டாம், பலகை நீள இடம் வேண்டும். உள்ளே போனதும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, முதுகு அங்குள்ள மெத்தைத் தடுப்பில் நன்றாக ஒட்டும்படி நிறுத்தி, பிரேக் போடுங்கள். பெல்ட் கிடையாது. திடீர் பிரேக்கின் வேகத்தை அந்தத் தடுப்புதான் தாங்குகிறது. முன்னோக்கித் திரும்பி உட்கார்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அளவு முக்கியம்: அகலம் 70 செ.மீ., நீளம் 120 செ.மீ. வரைதான். நம்மூரில் வாங்கும் மடக்கு நாற்காலி பொதுவாக இதற்குள் அடங்கும். கால் தாங்கியை நீட்டி உயர்த்தும் வகையில்தான் சிக்கல் வரும், கால் நீட்டிய நிலையில் வைத்து அளந்து பாருங்கள்.

பேருந்தின் பெரிய குறை, ஒரு வண்டிக்கு ஒரு வீல்சேர் இடம்தான். அதே இடத்தில் குழந்தை வண்டிகளும் நிற்கும். விதிப்படி முன்னுரிமை வீல்சேருக்கே. வீல்சேரில் செல்லும் டக் பாலி என்பவர் பேருந்து நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் சொன்னது, ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிட்டால் போதாது என்பது. ஆனால் மறுப்பவரைக் கட்டாயமாக இறக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே வீல்சேருக்கு இடம் விடச் சொல்லும் அறிவிப்பை ஒலிக்கவிடும்படி ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அப்போதும் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிதான். வீல்சேரில் இருவர் சேர்ந்து பயணிப்பதாக இருந்தால், தனித்தனி வண்டியில் போகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நிறுத்தத்தில் கார் நின்று, பேருந்து நடைபாதையை ஒட்ட முடியாமல் போனால் சாய்பலகை செங்குத்தாக இறங்கும். அங்கே தைரியம் காட்ட வேண்டாம், வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள்.

இனி ட்யூப். 272 நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குத்தான் படியில்லாத வழி உண்டு. 1863இல் தொடங்கிய அமைப்பு. ஆழத்தில் குடைந்த குறுகிய சுரங்கங்களில் பிற்பாடு லிஃப்ட் பொருத்துவது பெரும் செலவு. எனவே வழக்கமான வரைபடத்தை நம்பாமல், லண்டன் போக்குவரத்துத் துறை (டி.எஃப்.எல்.) இலவசமாகத் தரும் ‘ஸ்டெப் ஃப்ரீ ட்யூப் கைடு’ வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்துக்கு இதைவிட உதவும் காகிதம் வேறில்லை. அதில் நீல வட்ட வீல்சேர் குறி என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியில்லை. வெள்ளைக் குறி என்றால் நடைமேடை வரைதான், ரயிலில் ஏற ஒரு படியும் இடைவெளியும் இருக்கும். அந்தப் படியின் உயரத்தையும் இடைவெளியின் அகலத்தையும் ஏ, பி, சி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். இரண்டிலும் ஏ என்றால் பெரும்பாலும் தனியாகவே ஏறிவிடலாம். சி என்றால் ஊழியர் சாய்பலகை போட வேண்டும்.

வரைபடத்தின் அடிக்குறிப்புகளைக் கட்டாயம் படியுங்கள். ஒரே நிலையத்தில் ஒரு பாதைக்கு லிஃப்ட் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. பேங்க் நிலையத்தில் நார்தர்ன் பாதைக்கு லிஃப்டில் இறங்கலாம், சென்ட்ரல் பாதைக்கு வழியில்லை. சில நிலையங்களில் ஒரு திசை நடைமேடைக்கு மட்டுமே படியில்லாத வழி.

கவலையின்றிப் பயன்படுத்தக்கூடிய பாதைகள் மூன்று. 2022 மே மாதம் திறந்த எலிசபெத் பாதையில் எல்லா நிலையங்களுக்கும் லிஃப்ட் அல்லது சாய்தளம் உண்டு. பேடிங்டனிலிருந்து உல்விச் வரை ரயில் தளமும் நடைமேடையும் ஒரே மட்டம். ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இது போகிறது. டி.எல்.ஆர். எனப்படும் டாக்லேண்ட்ஸ் இலகு ரயில் முழுக்கவே மட்டம். ஜூபிலி பாதையில், 1999இல் நீட்டிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் முதல் ஸ்ட்ராட்ஃபோர்ட் வரையிலான பகுதியும் அப்படியே. தங்குமிடத்தை இந்த மூன்றில் ஒன்றின் அருகில் பிடித்தால் பாதித் தலைவலி தீர்ந்தது.

லிஃப்ட் பழுதாவதும், ஆள் இல்லாமல் மூடப்படுவதும் சாதாரணமாக நடக்கும். கிளம்பும் முன் ‘டி.எஃப்.எல். கோ’ செயலியில் படியில்லாத வழி என்ற அமைப்பைத் தேர்ந்து பாருங்கள். எந்த லிஃப்ட் ஓடவில்லை என்பதை உடனுக்குடன் காட்டும். நுழைவாயிலில் ஊழியரிடம் இறங்கும் நிலையத்தைச் சொன்னால், அங்கே தகவல் கொடுத்து சாய்பலகையோடு ஆளை நிறுத்துவார்கள். முன்பதிவு தேவையில்லை. நீங்கள் ஏறிய பெட்டியை அவர் சரியாகச் சொன்னாரா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள், பெட்டி மாறினால் பலகை வேறிடத்தில் காத்திருக்கும்.

வெளியூர் ரயிலில் ஏற இறங்க உதவி வேண்டுமென்றால் ‘பாசெஞ்சர் அசிஸ்ட்’ சேவையில் இரண்டு மணி நேரத்துக்கு முன் சொன்னால் போதும். பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று இதில் இருக்கிறது: வீல்சேரில் அமர்ந்தபடியே பயணிப்பவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும், ரயில்கார்டு எனும் தள்ளுபடி அட்டை இல்லாமலே, எந்த நேர ரயிலிலும் செல்லும் ‘எனிடைம்’ ஒற்றைப் பயணச் சீட்டில் 34 சதவீதமும், ஒரே நாளில் போய்த் திரும்பும் எனிடைம் சீட்டில் 50 சதவீதமும் தள்ளுபடி. இதை நிலையக் கவுன்டரில் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டி வாங்கும் அட்வான்ஸ் சீட்டு சில நேரம் இதைவிட மலிவாக இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

கறுப்பு டாக்ஸிகள் எல்லாவற்றிலும் சாய்பலகை உண்டு. வீல்சேருக்காகக் கூடுதல் கட்டணம் கேட்பது 2017 ஏப்ரல் முதல் குற்றம், அபராதம் 1,000 பவுண்டு வரை. தலைதாங்கி வைத்த உயரமான பவர்சேர் (மின்சார வீல்சேர்) கதவில் இடிக்கும் என்பதுதான் குறை. செலவும் அதிகம், அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிவைக்கப்படும் மாற்றுத்திறனாளி கழிப்பறைகளுக்கு ரேடார் சாவி வாங்குங்கள். 1981இல் தொடங்கிய தேசியச் சாவித் திட்டம். சில பவுண்டு விலையுள்ள ஒரே சாவி நாடெங்கும் ஆயிரக்கணக்கான கழிப்பறைகளைத் திறக்கும். உள்ளே தொங்கும் சிவப்புக் கயிறு விளக்குக்கானதல்ல, உதவி மணி. அது தரை வரை தொங்க வேண்டும். யாராவது சுருட்டிக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், கீழே விழுந்தால் எட்ட வேண்டுமே. தூக்கி மாற்ற வேண்டியவர்களுக்கு ‘சேஞ்சிங் பிளேசஸ்’ என்ற பெரிய அறைகள் இருக்கின்றன. பெரியவர் படுக்கும் மேசையும் கூரையில் ஓடும் தூக்கியும் அங்கே உண்டு, தூக்கியில் மாட்டும் துணித்தொட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஹோட்டலில் ‘அக்சஸிபிள்’ அறை என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், பல இடங்களில் கைப்பிடி வைத்த குளியல் தொட்டிதான் இருக்கும். தொட்டியும் தடுப்பும் இல்லாமல் வீல்சேரோடு நுழையக்கூடிய ‘வெட் ரூம்’ இருக்கிறதா, குளியலறைக் கதவு எத்தனை செ.மீ. என்று எழுதிக் கேளுங்கள்.

விமானத்தைப் பொறுத்தவரை, 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லுங்கள். ‘வீல்சேர் வேண்டும்’ என்றால் போதாது, உங்கள் நிலைக்கான விமான நிறுவனக் குறியீட்டையும் சொல்லுங்கள். படி ஏற முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர்.; படி ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ்.; இருக்கை வரை தூக்கிச்செல்ல வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. தவறான குறியீடு பதிவானால் குறுகிய இடைகழி நாற்காலி வராமல் வாசலிலேயே காத்திருக்க நேரும். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, தப்பிக்கும், 20 ஆம்பியர்-மணி என்றால் 480, ஏற்ற மாட்டார்கள். கழற்றிய பேட்டரி கையோடு கேபினுக்குள் வர வேண்டும். சார்ஜர் அங்கும் 230 வோல்ட்டில்தான் ஓடும், மூன்று செவ்வக முனை பிளக் மாற்றி மட்டும் தேவை.

வீல்சேர் சரக்கறையில் உடைந்தால், விமானப் பயண இழப்பீட்டுக்கான சர்வதேச மான்ட்ரியல் உடன்படிக்கை அதைப் பயணப்பெட்டியாகத்தான் கணக்கிடுகிறது. 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நல்ல பவர்சேரின் விலைக்குக் கிட்டே வராது. நாற்காலியின் மதிப்பு அதிகமென்றால், செக்-இன் செய்யும்போதே சிறப்பு மதிப்பு அறிவிப்பு எழுதிக் கொடுங்கள், இல்லையேல் தனிக் காப்பீடு எடுங்கள். ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள். சேதம் தெரிந்தால் விமான நிலையத்திலேயே புகார் ரசீது வாங்குங்கள். எழுத்துப் புகாரை ஏழு நாட்களுக்குள் அனுப்பாவிட்டால் உரிமை கோர முடியாது.