பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் செய்த 1,20,000 ரூபாய் எங்கே போனது? பதினெட்டு மாத அனுபவம்

2023 செப்டம்பர் 6-ம் தேதி மதியம் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. என் பழைய கிரெடிட் கார்டுக்கு 1,20,000 ரூபாய் அனுப்பியாகிவிட்டது என்று புது வங்கி சொன்னது. தொகை இருந்தது, கார்டின் கடைசி நான்கு இலக்கமும் இருந்தது. தொகையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். அடுத்த எழுபது நாள் அலைந்ததற்குக் காரணம் நான் பார்க்காமல் விட்ட அந்த நான்கு இலக்கம்தான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தபோது இன்ஷூரன்ஸ் பாதிதான் கொடுத்தது. மீதியைக் கார்டில் தேய்த்தேன். பாக்கி 1,40,000 ரூபாயில் வந்து நின்றது. மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீத வட்டி. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அசையவே அசையாது.

இன்னொரு வங்கியின் கார்டும் என்னிடம் இருந்தது. நான் புது வங்கி என்று சொல்வது அதைத்தான். அவர்கள் 1,20,000 வரை பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் தருவதாகச் சொன்னார்கள். அதாவது பழைய கார்டின் கடனை அவர்கள் அடைத்துவிடுவார்கள், நான் அவர்களுக்குத் தவணையாகக் கட்ட வேண்டும். மாதம் 1.25 சதவீதம், 18 தவணை, இஎம்ஐ 7,486 ரூபாய். குறையும் அசலுக்குத்தான் வட்டியா என்று கேட்டு, ஆமாம் என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். பிராசசிங் ஃபீ ஜிஎஸ்டியோடு 2,832. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சரி என்றேன். மீதி 20,000 ரூபாயை என் கையிலிருந்து 10-ம் தேதி பழைய கார்டில் கட்டினேன்.

25-ம் தேதி பழைய கார்டின் ஸ்டேட்மென்ட் வந்தது. நான் கட்டிய 20,000 இருந்தது. 1,20,000 இல்லை. வட்டியும் ஜிஎஸ்டியும் மட்டும் 5,486 ரூபாய் போட்டிருந்தார்கள்.

பழைய வங்கியைக் கேட்டால் எங்களுக்குப் பணமே வரவில்லை என்றார்கள். புது வங்கியைக் கேட்டால் அனுப்பியாகிவிட்டது, அங்கே கேளுங்கள் என்றார்கள். செப்டம்பர் 28-ம் தேதி பழைய வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கினேன். அப்புறம் இரண்டு வாரம் கஸ்டமர் கேரில் பேசிப் பேசியே போனது. இந்தப் பக்கம் புது கார்டில் இஎம்ஐ தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் 42 சதவீத வட்டி ஓடுகிறது. ஒரே கடனுக்கு இரண்டு இடத்தில் வட்டி. ராத்திரி தூக்கம் வரவில்லை.

வழி சொன்னது ஆபீஸில் இருக்கும் மூத்த கணக்கர் அண்ணன். "யூடிஆர் நம்பர் கேட்டு வாங்கினியா தம்பி?" என்றார். "இல்லீங்கண்ணா." "அது இல்லாம பேசினா அவங்க தேடவே மாட்டாங்க. முதல்ல அதை வாங்கு."

நெஃப்ட்டில், அதாவது வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறையில், போகும் ஒவ்வொரு பணத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட யூடிஆர் என்ற அடையாள எண் உண்டு. புது வங்கியிடம் அதையும், பணம் எந்தக் கார்டு எண்ணுக்குப் போனது என்பதையும் மெயிலில் கேட்டேன். அக்டோபர் 12-ம் தேதி பதில் வந்தது. அதில்தான் விஷயம் புரிந்தது. பணம் போனது என் பழைய வங்கிக்குத்தான், ஆனால் ரத்தான கார்டு எண்ணுக்கு. முந்தைய வருடம் அந்தக் கார்டு தொலைந்து, அதே வங்கியில் வேறு எண்ணில் மாற்றுக் கார்டு வாங்கியிருந்தேன். புது வங்கியின் செயலியில் நான் முன்பு பில் கட்டச் சேர்த்து வைத்திருந்த எண் அப்படியே கிடந்தது. போனில் நான் சரியான எண்ணைச் சொல்லியும், அவர்கள் அந்தப் பழைய பதிவைத்தான் எடுத்திருக்கிறார்கள். நெஃப்ட்டில் பெயரைப் பார்த்துப் பணம் சேர்வதில்லை, எண்ணை வைத்துத்தான் சேரும்.

ஆனால் எண் தவறு என்றால் பணம் திரும்பியிருக்க வேண்டும். வரவு வைக்க முடியாத நெஃப்ட் பணத்தை, அது போன பேட்ச் (மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் சுற்று) முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பிய வங்கிக்கே திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதித்தால் ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். பழைய வங்கி வரவும் வைக்கவில்லை, திருப்பவும் இல்லை. என் பணத்தை வைத்துக்கொண்டே என்னிடம் வட்டி போட்டிருக்கிறது. யூடிஆரோடு இதைப் பழைய வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதினேன்.

இரண்டாவது ஸ்டேட்மென்ட்டில் இன்னும் 4,888 வட்டியும், லேட் ஃபீ 1,416-ம் ஏறின. கட்ட வேண்டிய கடைசித் தேதியான அக்டோபர் 14-ல் நான் எதையும் கட்டவில்லை. தகராறில் இருக்கும் பணத்துக்கு எதற்குக் கட்ட வேண்டும் என்ற கோபம். அது தவறு. மினிமம் டியூவைக் கட்டிவிட்டுச் சண்டை போட்டிருக்க வேண்டும். கட்டிய பணம் எங்கும் போய்விடாது, கட்டாத தேதி சிபிலில், அதாவது நம் கடன் வரலாற்றுப் பதிவில், நின்றுவிடும்.

அக்டோபர் கடைசியில் பழைய வங்கியிலிருந்து ஒருவர் அழைத்தார். பணம் கிடைத்துவிட்டது, இன்று வரவு வைக்கிறோம், வட்டியில் பாதியைச் சலுகையாகத் தள்ளுபடி செய்கிறோம் என்றார். ஒரு நிமிடம் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் சலுகை என்று ஒத்துக்கொண்டால் தவறு என்னுடையது என்று ஆகிவிடும். இன்றைய தேதியில் வரவு வைத்தால் இடையில் இருந்த நாட்களெல்லாம் நான் கட்டாத நாட்களாகவே பதிவில் இருக்கும். "தள்ளுபடி வேண்டாங்க. செப்டம்பர் 6 தேதியிட்டு வரவு வையுங்க. அந்தத் தேதிக்கு எவ்வளவு வட்டி வருதோ அதை நான் கட்டறேன்" என்றேன். முடியாது என்றார்.

இந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது இந்த இடம்தான். தள்ளுபடி கேட்காதீர்கள், சரியான தேதி கேளுங்கள். தேதி சரியானால் வட்டி, லேட் ஃபீ, சிபில் மூன்றுக்கும் அடிப்படை கிடைத்துவிடும்.

புகார் கொடுத்து 30 நாள் முடிந்ததும் அக்டோபர் 30-ம் தேதி ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில், 2021-ல் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் கீழ் புகார் பதிந்தேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. முதலில் வங்கியிடம் புகார் செய்த ஆதாரம் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்டேட்மென்ட் இரண்டு, யூடிஆர் மெயில், நோடல் அதிகாரிக்கு எழுதியது, இவ்வளவுதான் இணைத்தேன். கதை எழுதவில்லை, தேதி வாரியாகப் பத்து வரி.

நவம்பர் 17-ல் செப்டம்பர் 6 தேதியிட்டு 1,20,000 வரவானது. மொத்தம் ஏற்றியிருந்த 11,790 ரூபாயில் 9,400-ஐ நீக்கினார்கள். மீதி 2,390, முந்தைய ஸ்டேட்மென்ட்டிலிருந்து பணம் வந்த நாள் வரை ஓடிய நியாயமான வட்டி. டிரான்ஸ்ஃபர் ஒழுங்காக நடந்திருந்தாலும் இது வந்திருக்கும். அன்றே கட்டினேன்.

சிபில் தனிச் சண்டை. டிசம்பரில் பார்த்தால் தாமதம் என்று பதிவாகியிருந்தது. தகராறு தீராத நிலையில் கட்டத் தவறியவர் என்று தகவல் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 கிரெடிட் கார்டு விதிமுறைகளில் இருந்தது. அதைக் குறிப்பிட்டு வங்கிக்கும் எழுதினேன், சிபில் தளத்திலும் திருத்தம் கேட்டேன். ஜனவரியில் சரியானது.

2025 மார்ச்சில் கடைசித் தவணை முடிந்தது. வட்டி சுமார் 14,750, அதன் மேல் ஜிஎஸ்டி 2,655, பிராசசிங் ஃபீ 2,832. ஆகமொத்தம் 20,000 ரூபாய் சொச்சம். பழைய கார்டில் இதே கடன் அசையாமல் கிடந்திருந்தால் ஜிஎஸ்டியோடு நான்கே மாதத்தில் கிட்டத்தட்ட இவ்வளவு வட்டி போயிருக்கும். அதனால் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரைக் குறை சொல்ல மாட்டேன், தேவைப்பட்டால் மறுபடியும் எடுப்பேன். பழைய கார்டை மட்டும் ஏப்ரலில் மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்ற விதியையும் அதே மெயிலில் சேர்த்தேன். ஐந்தாவது நாள் மூடிய கடிதம் வந்தது. இந்த முறை அதில் இருந்த கடைசி நான்கு இலக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன்.