ஸ்பே ஆற்றங்கரை கேலிக் பெயர்கள்: பழைய வரைபடமா, பேச்சுப் பதிவா?

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் அந்நாட்டின் பழைய மொழியான கேலிக்கில் வழங்கும் இடப்பெயர்களைச் சேகரிக்க இரண்டு வழிகள்: பழைய வரைபடத்தைப் பார்ப்பது, உள்ளூர்க்காரர் பேச்சைப் பதிவது.

செலவு: வரைபடத்துக்குச் செலவே இல்லை. ஒரு மைலுக்கு ஆறு அங்குல அளவிலான 19ஆம் நூற்றாண்டு ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசின் நில அளவை நிறுவனம்) தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பேச்சுப் பதிவுக்கு ஒலிப்பதிவுக் கருவி, காற்றுத் தடுப்பு, பயணம் எல்லாம் வேண்டும்.

இடம்: வரைபடம் புள்ளியைத் துல்லியமாகக் காட்டும். பேச்சில் "அந்த மடுவுக்கு மேலே" என்றுதான் வரும். அங்கேயே ஜிபிஎஸ் எண்ணைக் குறிக்காவிட்டால் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

ஒலி: இங்கே வரைபடம் தோற்கிறது. 'கிங்யூசி' என்ற ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குள் 'பைன் காட்டின் தலை' என்ற பொருள் மறைந்துவிட்டது. கேலிக்கில் அழுத்தம் பெரும்பாலும் பெயரின் பின்பகுதியில் விழும். பொருளைப் பிரிக்க அதுவே சாவி. பெயரைத் தனியாக மூன்று முறையும், "அங்கே போகிறேன்" போன்ற வாக்கியத்தில் ஒரு முறையும் சொல்லச் சொல்லுங்கள். கேலிக்கில் முன்வரும் சொல்லுக்கேற்பப் பெயரின் முதல் ஒலி மாறும்; அது வாக்கியத்தில்தான் தெரியும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு போதும். நீரிரைச்சல் மெல்லிய மூச்சொலிகளை விழுங்கிவிடும், அதனால் கரையை விட்டு விலகிப் பதியுங்கள்.

பிழை: வரைபடத்தில் அளவையாளர் தவறாகக் கேட்டது அப்படியே அச்சாகியிருக்கலாம். பேச்சிலோ, கேள்வி கேட்பவர் வரைபட உச்சரிப்பை முதலில் சொல்லிவிட்டால் பதில் அதையே எதிரொலிக்கும். வெறுமனே இடத்தைக் கைகாட்டிக் கேளுங்கள்.

மலை, ஓடை, பண்ணைப் பெயர்களின் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் வரைபடம் போதும். மீன்மடு, ஆற்றுத்துறை போன்ற சிறு பெயர்களுக்கும் பெயர்ப்பலகை எழுத்துக்கூட்டலுக்கும் பேச்சுதான் வேண்டும். பேசுவோர் அருகிவிட்டதால் அதையே முதலில் முடியுங்கள், வரைபடம் காத்திருக்கும்.