அதிகாரத்தைக் கைமாற்ற எந்தச் சொல்?

"பவர் எக்ஸ்சேஞ்ச்சுக்குத் தமிழில என்னடி சொல்றது?" கிருஷ்ணகிரியில் மனநல ஆலோசனை தரும் தோழி போனில் கேட்டாள். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு, அதனால் இப்படி ஏதாவது வரும். பி.டி.எஸ்.எம்., அதாவது இருவரும் சம்மதித்து, ஒருவர் அதிகாரத்தை மற்றவர் கையில் கொடுப்பதும் கட்டுதலும் வலியும் கலந்த பாலுறவு வழக்கங்கள் பற்றிப் பேச வருகிறவர்கள் இங்கிலீஷில் சரளமாகத் தொடங்கி, தமிழுக்கு மாறியதும் தரையைப் பார்க்கிறார்களாம். சரி என்று புழக்கத்தில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்தேன்.

மூத்தது சேடிசம் (வலி தருவதில் இன்பம்), மசோகிசம் (வலி பெறுவதில் இன்பம்) ஜோடி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் பரப்பிய பெயர்கள். முதலாவது மார்க்கி த சாத் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் பெயரிலிருந்து வந்தது. அடுத்தது சாகர்-மசோக் என்ற எழுத்தாளர் பெயரிலிருந்து, அதுவும் மனிதர் உயிரோடு இருக்கும்போதே! நோய்க்குத் தன் பெயர் வைக்கப்பட்டதை அவர் பார்க்க நேர்ந்தது, பாவம். இந்த ஜோடி வலியைப் பற்றிப் பேசுகிறது. அதிகாரம் யார் கையில் என்று சொல்வதில்லை. ஆனால் அதே சாகர்-மசோக் 1869இல் ஃபேனி பிஸ்டர் என்ற பெண்ணோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள்: ஆறு மாதம் அவளுக்கு அடிமையாக இருப்பார், அவள் முடிந்தவரை விலங்கு ரோமத்தாலான ஃபர் அங்கி அணிய வேண்டும். கெடுவும் உண்டு, நிபந்தனையும் உண்டு. பின்னால் வந்த சொற்கள் பிடிக்க முயன்றது இதைத்தான். தவிர, ஆலோசனை அறையில் நோய்ப் பெயர் உதவாது. அமெரிக்க மனநலக் கையேட்டின் 2013 பதிப்பே, விருப்பம் இருப்பது மட்டும் கோளாறு ஆகாது என்று பிரித்துவிட்டது.

அடுத்தது டாமினன்ஸ், சப்மிஷன். சுருக்கி எழுதும்போது டி-யைப் பெரிய எழுத்திலும் எஸ்-ஐச் சின்ன எழுத்திலும் போடுவார்கள். யார் மேல், யார் கீழ் என்று எழுத்தே காட்டிவிடும். தமிழில் பெரிய எழுத்து ஏது? நமக்கு 'நீ', 'நீங்க' இருக்கிறது. தருமபுரிப் பக்கம் பல வீடுகளில் கணவன் 'நீ' என்பான், மனைவி 'நீங்க' என்பாள். அதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பேசி முடிவு செய்வதுதான் இங்கே விஷயமே என்பதால், 'ஆதிக்கம்–அடிபணிதல்' என்று எழுதினால் படிப்பவருக்குப் பழைய வீட்டு நிலவரம்தான் ஞாபகம் வரும்.

மாஸ்டர், ஸ்லேவ் ஜோடியை உடனே தள்ளினேன். 'அடியேன்' என்று கோயிலில் மனமுவந்து சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டுதான். ஆனால் 'அடிமை' என்றதும் நம் ஊர்க்காரர் மனதில் செங்கல் சூளையும் கல் குவாரியும் வரும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது.

மிஞ்சியது பவர் எக்ஸ்சேஞ்ச். 'அதிகாரப் பரிமாற்றம்' என்றால் தேர்தல் முடிந்த மறுநாள் செய்தி மாதிரி இருக்கிறது. பரிமாற்றம் என்றால் இருவரும் கொடுத்து வாங்குவது. இங்கே ஒருவர் தருகிறார், மற்றவர் பொறுப்பேற்கிறார். எல்லை முன்கூட்டியே பேசப்படுகிறது. நிறுத்தவும் தனிச் சொல் உண்டு. பலர் போக்குவரத்து விளக்கைக் கடன் வாங்கி 'சிவப்பு' என்கிறார்கள், ஏனென்றால் 'வேண்டாம்' என்பது ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வசனமாக இருக்கலாம்.

"மாந்தோப்புக் குத்தகை மாதிரிடி," என்றேன். சிரித்தாள். பூ விடும்போதே தோப்பு கைமாறும். காய் குத்தகைக்காரருக்கு, ஆனால் மரத்தை வெட்ட முடியாது, பருவம் முடிந்தால் தோப்பு திரும்ப வந்துவிடும். ஒரு வித்தியாசம்: குத்தகையை நடுவில் முறித்தால் பஞ்சாயத்து, இங்கே ஒரு சொல்லில் முடிந்துவிடும். அப்புறம் இருவரும் 'ஒப்படைப்பு' என்று தீர்மானித்தோம். அழகான சொல் இல்லை, அலுவலக வாடை வேறு.

அடுத்த வாரம் கூப்பிட்டாள். அந்தச் சொல்லைச் சொன்னதும் வந்தவர்களில் ஒருவர் உடனே கேட்டாராம்: "சரிங்க மேடம், எப்போ திருப்பித் தரணும்?"