சென்னைப் பயணம்: குழந்தைக்கு மடியா, தனி இருக்கையா?

சிகாகோவில் வசிக்கும் நாங்கள் மகளோடு இரண்டு முறை சென்னைக்குப் போய்த் திரும்பியிருக்கிறோம். முதல் முறை அவளுக்கு 7 மாதம். மடிக்குழந்தையாகப் பயணச்சீட்டு எடுத்து, முன்சுவரில் மாட்டும் தொட்டிலைக் கேட்டு வாங்கினோம். இரண்டாம் முறை 19 மாதம். தனி இருக்கை வாங்கி, எங்கள் காரில் அவளுக்காகப் பொருத்தியிருந்த கார் சீட்டையே, அதாவது வாரோடு கூடிய குழந்தை இருக்கையையே, விமானத்துக்குள் கொண்டுபோய்க் கட்டினோம். வளைகுடாவில் விமானம் மாறும் அந்தப் பயணத்தில் நீண்ட பகுதி மட்டுமே 14 மணி நேரம் இருக்கும். தவழத் தொடங்கிவிட்ட குழந்தைக்குத் தனி இருக்கைதான் நல்லது என்பதே என் முடிவு.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வயது நிறையாத மடிக்குழந்தைக்குப் பன்னாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 விழுக்காடும் வரிகளும்தான். தனி இருக்கை என்றால் அதைப் போலப் பல மடங்கு ஆகும். இருக்கை வாங்கிய குழந்தைக்குப் பெரியவர்களைப் போலவே முழுப் பெட்டி அளவு கிடைத்ததால், ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா இடித்துக் கொடுத்த பொடிகளுக்கும் வற்றலுக்கும் இடம் இருந்தது. ஆனாலும் அது கட்டண வேறுபாட்டை ஈடுகட்டாது.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானித்தது இருக்கை வார் விளக்குதான். காற்றில் விமானம் குலுங்கத் தொடங்கி அந்த விளக்கு எரிந்தால், தொட்டிலில் குழந்தை எவ்வளவு ஆழ்ந்து தூங்கினாலும் தூக்கி மடியில் வைத்து, நம் வாரோடு சேரும் சிறு வளையப் பட்டையால் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் பயணத்தில் இப்படி ஐந்து முறை எடுத்தேன். தொட்டிலின் மேல்மூடியைப் பிரிக்கும்போது அந்த ஒட்டுப்பட்டை 'சர்ர்' என்று கிழியும் ஒலிக்கே அவள் கண்விழித்துவிடுவாள். மறுபடி தட்டித் தூங்கவைக்க அரை மணி நேரம் ஆகும், அதற்குள் விளக்கு மீண்டும் எரியும். இரண்டாம் பயணத்தில் அதே விளக்கு எத்தனை முறை எரிந்தது என்று நான் எண்ணவே இல்லை. அவள் தன் கார் சீட்டில், தினமும் காரில் தூங்கிப் பழகிய அதே சாய்வில், வார் மாட்டியபடியே தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கினாள்.

தூக்கத்தைத் தாண்டிப் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. கடும் குலுக்கலில் கையால் மட்டும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகித் தரையிறங்கியபோது, மடிக்குழந்தைகளை விமானத்தின் தளத்தில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்வதே அன்றைய வழிமுறையாக இருந்தது. அந்தக் குழந்தைகளில் ஒன்று பிழைக்கவில்லை. அவ்வாறு சொல்ல நேர்ந்த விமானப் பணிப்பெண் ஜான் பிரவுன், குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று அதன்பின் பல ஆண்டுகள் வாதாடினார். அமெரிக்க விமானத்துறை நிர்வாகமும் கார் சீட்டையே பரிந்துரைக்கிறது, ஆனால் இன்றுவரை கட்டாயமாக்கவில்லை.

தனி இருக்கைக்கும் குறைகள் உண்டு. கார் சீட்டைச் சுமந்துகொண்டு விமானம் மாறுவது தோளுக்குப் பெரும் வேலை. அமெரிக்காவில் விற்பவற்றில் விமானத்துக்கும் ஏற்றது என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும் வரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண வகுப்பு இருக்கை ஏறத்தாழ 17 அங்குலமே என்பதால் அகலத்தையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் ஜன்னலோரத்தில்தான் கட்டவிடுவார்கள். பின்னோக்கிக் கட்டினால் முன்னால் இருப்பவர் தன் இருக்கையைச் சாய்க்க முடியாது. நாங்கள் அந்த இடத்தில் கணவரையே உட்காரவைத்துக்கொண்டோம். பின்னோக்கிக் கட்டலாமா என்பதில் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், ஆகவே முன்பே மின்னஞ்சலில் கேட்டு அந்தப் பதிலைக் கையில் வைத்திருப்பது நல்லது. விமானம் இறங்கும்போது காது அடைக்காமல் இருக்க மடியில் வைத்துப் பால் கொடுப்பது எளிது. கார் சீட்டில் இருக்கும் குழந்தைக்குக் குழல் வைத்த கிண்ணத்தில் தண்ணீர்தான் கொடுத்தேன், அவள் பாதிதான் குடித்தாள், கடைசி பத்து நிமிடம் அழுதாள்.

தொட்டிலை முழுக்கத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. பல நிறுவனங்களில் எடை வரம்பு 10 அல்லது 11 கிலோ. ஆனால் எடைக்கு முன்னால் நீளம்தான் இடிக்கும். ஏழு மாதத்திலேயே எங்கள் மகளின் கால் அடிப்பலகையைத் தொட்டது. உருளவும் தெரியாத நான்கு மாதக் குழந்தை என்றால் நானும் தொட்டில் வரிசையைத்தான் கேட்பேன். அந்த வயதில் நான் பறந்ததில்லை என்பதால் இது ஊகம்தான். அந்த வரிசையைப் பதிவுசெய்துவிட்டாலும் உறுதி கிடையாது. எங்களுக்குத் திரும்பும் பயணத்தில் செக்-இன் மேசையில்தான் இடம் மாறிவிட்டதாகச் சொன்னார்கள், அரை மணி நேரம் பேசிய பிறகே திருப்பிக் கொடுத்தார்கள்.

பயணத்தின் நடுவே குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்தால், அதன்பின் வரும் விமானங்களுக்கு எப்படியும் தனிச்சீட்டு எடுத்தாக வேண்டும். ஊரில் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள், திரும்பும் தேதியைப் பார்த்து முதலிலேயே போக வர இரண்டுக்கும் இருக்கை எடுத்துவிடலாம்.