உயில் எழுதப் போய் தானப் பத்திரம் எழுதி வந்தோம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டு விஷயத்தை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும் என்பது அம்மாவின் பயம். போன வாரம் என்னுடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "மாமியார் பேர்ல இருக்கிற இடத்துக்கு செட்டில்மெண்ட் எழுதப் போறோம். உயிலும் அதுவும் ஒண்ணுதானாமே?" என்று கேட்டார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

இரண்டும் ஒன்றில்லை. செட்டில்மெண்ட் என்பது தானப் பத்திரம். எங்களிடமும் ஒருவர் ஒன்றுதான் என்றே சொன்னார்.

அம்மாவுக்கு 74 வயது. டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில் அவள் பெயரில் கிரயம் வாங்கிய பழைய வீடு. முன்கட்டில் தையல்கடை, மாதம் 6,500 ரூபாய் வாடகை. பின்கட்டில் அம்மா குடியிருக்கிறாள். அந்த வாடகைதான் அவளுடைய மருந்துக்கும் மளிகைக்கும். "எனக்குப் பிறகு முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு உனக்கு. உயில் எழுதிடலாம்" என்று அவளேதான் ஆரம்பித்தாள். 2023 ஆவணியில் நான்தான் அவளைப் பத்திரம் எழுதும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

எழுத்தர் காபியெல்லாம் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "உயில் எழுதினா நாளைக்குப் பிள்ளைகள் கோர்ட்டுக்கு அலையணும். செட்டில்மெண்ட் போட்டா பட்டா உடனே மாறிடும். ரெண்டும் ஒண்ணுதாம்மா, இது கொஞ்சம் பலமானது." அண்ணனும் தலையாட்டினான். இரண்டு பத்திரம் என்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உயில் என்றால் ஒன்று போதுமே.

பதிவுக்கு டோக்கன் 11.20-க்கு. பத்திரம் கைக்கு வந்தது 10.50-க்கு. பெயர், கதவு எண், சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் விரல் வைத்துச் சரிபார்த்தேன். நடுப்பக்கங்களைப் புரட்டியதோடு சரி. யாருமே அங்கே படிப்பதில்லை என்பது இப்போது விசாரித்தால் தெரிகிறது. சார்பதிவாளர், "பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்குறீங்க, சம்மதம்தானே?" என்று கேட்டார். "ஆமா சார், பிள்ளைகளுக்குத்தான்" என்றாள் அம்மா. அவள் சொன்னதில் பொய்யில்லை. உயிலாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். போட்டோ, கைரேகை, கையெழுத்து, முடிந்தது.

எட்டு மாதம் கழித்து தையல்கடைக்காரர் வந்து, "இனிமே வாடகையைத் தனக்கு ஜிபேயில் அனுப்பச் சொல்லிட்டார் அண்ணன்" என்றார். அம்மா ஏதோ குழப்பம் என்று நினைத்தாள். நான் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்ற பட்டியல், போட்டுப் பார்த்தேன். அம்மா பெயரிலிருந்து இரண்டு தானசெட்டில்மெண்ட். அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனபோது அவர் முதலில் சொன்னதே இதுதான்: "உயிலா இருந்தா இதில் வந்திருக்கவே வந்திருக்காதும்மா." பதிவு செய்த உயில்கள் பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் ஏறும். வில்லங்கச் சான்றில் வருவது 1ஆம் புத்தகத்துப் பதிவுகள்.

பிறகு பத்திரத்தின் நடுப்பக்கத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டுக் காட்டினார். "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது." இன்று முதல்! அம்மா கேட்டது தன் காலத்துக்குப் பிறகு. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதற்கு உயிரில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தானப் பத்திரத்தில் உரிமை அப்போதே கைமாறிவிடும். அம்மா மட்டும் போய் ரத்துப் பத்திரம் எழுதினால் பதிவு செய்யமாட்டார்கள். அண்ணனும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம்.

செட்டில்மெண்டே கெட்டது என்று சொல்லவில்லை. "என் ஆயுள்வரை நானே குடியிருந்து, வாடகையும் வசூலித்துக்கொள்வேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அம்மாவின் 6,500 தப்பித்திருக்கும். அந்த ஒரு வரி எங்கள் பத்திரத்தில் இல்லை.

எழுத்தர் ஏன் இதைத் தள்ளிவிட்டார் என்பது கணக்குப் போட்டால் புரிகிறது. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதலாம், பதிவுகூடக் கட்டாயமில்லை. எங்கள் செட்டில்மெண்டுக்கு, வழிகாட்டி மதிப்பில் முன்கட்டு 16 லட்சம், பின்கட்டு 12 லட்சம். குடும்பத்துக்குள் என்பதால் தீர்வை 1 சதவீதம், ஆக 28,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம்தான், ஆனால் 10,000-க்கு மேல் வாங்கமாட்டார்கள். இரண்டு பத்திரத்துக்கு 20,000. எழுத்துக்கூலி பத்திரத்துக்கு 8,000, இரண்டுக்கும் 16,000. மொத்தம் 64,000. உயில் எழுதியிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும், சொல்லுங்கள்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "சுத்தமா முடிச்சுக் கொடுத்தேனேம்மா, என்ன குறை?" என்றார். பத்திரத்தின் கடைசியில் தயாரித்தவர் என்று வேறு ஒருவர் பெயரும் உரிம எண்ணும் இருந்தது. கேட்டால், மச்சான் லைசென்ஸாம். மாவட்டப் பதிவாளருக்குப் புகார் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, வேறொன்றும் வரவில்லை.

இனி மிச்சமிருக்கும் வழி 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவு. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் சொத்தைக் கொடுத்து, அவர்கள் பார்க்காமல் போனால், பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சிக்கல் அந்த 'நிபந்தனை'யில்தான். அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், மகனுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்த ஒரு தாயின் வழக்கில், சட்டத்தை முதியவர் பக்கம் நின்று தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. ஆனால் அந்தத் தாயின் கையில் மகன் எழுதிக்கொடுத்த உறுதிமொழிக் காகிதம் ஒன்று இருந்தது. எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை, அண்ணன் வாயால் சொன்னதுதான்.

பெற்ற பிள்ளைமேல் மனுவா என்று அம்மா நாலு மாதம் இழுத்தாள். முன்கட்டை விற்க அண்ணன் ஆள் கூட்டிவந்து அளந்த அன்று, ஒன்றும் பேசாமல் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தத் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கும் மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

பின்கட்டை நான் அம்மா பெயருக்கே திருப்பி எழுதிக் கொடுத்தேன். அதற்கு இன்னொரு 22,000 தண்டம். பிறகு வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து அம்மா தன் கையாலேயே ஒரு உயில் எழுதினாள். சாட்சிக்கு இரண்டு பேர், அவளைவிட வயதில் நன்றாகச் சிறியவர்கள், சொத்தில் பங்கில்லாதவர்கள். நாளை யாராவது தகராறு செய்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். "என் காலத்திற்குப் பிறகு" என்ற வரியை அம்மா இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

மனுவுக்கு இன்னும் விசாரணைத் தேதி வரவில்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி தையல்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, "பணம் அண்ணனுக்கு அனுப்பிட்டேன்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.