வாடகைக்குப் போய்வந்த ரீல்: வாங்கலாமா?

வீட்டுத் திரைக்கென்றே வந்த 8 மி.மீ. பிலிமான சூப்பர் 8இல் பழைய படங்கள் விற்பனைக்கு வரும்போது டப்பாவின் மேல் வாடகை நூலக முத்திரை தெரிந்தால் பலர் அதை ஒதுக்கிவிடுவார்கள். கண்டவர் வீட்டு புரொஜெக்டரில் எல்லாம் ஓடித் தேய்ந்த சரக்கு என்ற பயம். அதில் பாதிதான் நியாயம். ஒழுங்காக நடந்த கடையிலிருந்து வந்த ரீல், ஒரே வீட்டுப் பரணில் நாற்பது வருடம் கிடந்ததைவிடப் பல நேரம் மேலாக இருக்கும். அது ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் கடையில் ஒருவர் அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். பரணில் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் படம் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் வீடியோவுக்கு அரை நூற்றாண்டு மூத்தது. 1922இல் பதே நிறுவனம் 9.5 மி.மீ. பிலிமைக் கொண்டுவந்தது, மறு வருடம் கோடக் 16 மி.மீ.யை இறக்கியது. இரண்டும் எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் பிலிம் என்பதால்தான் அவற்றை வரவேற்பறையில் ஓட்ட முடிந்தது. அமெரிக்காவில் கோடாஸ்கோப் நூலகங்கள் 16 மி.மீ. படங்களை வாடகைக்கு விட்டன. 9.5 காரர்களின் சிக்கனம் தனி ரகம். மௌனப்படத்தின் வசன அட்டையை நீளமாக அச்சடித்தால் பிலிம் வீணாகும் என்று சில கட்டங்களில் (ஃபிரேம்) முடித்து, ஓரத்தில் ஒரு வெட்டு வைத்தார்கள். அந்த வெட்டு வந்ததும் புரொஜெக்டர் தானே நின்று, அட்டையைக் காட்டிவிட்டுத் தொடரும். அந்த ரீலை வெட்டை உணராத வேறு புரொஜெக்டரில் போட்டால் வசனம் கண்ணிமைப்பதற்குள் பறந்துவிடும். இன்றைக்கும் இதைத் தெரியாமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

1965இல் சூப்பர் 8 வந்தபின் பிரிட்டனில் கேமரா கடைகளும் தபால் வழி நூலகங்களும் இதில் இறங்கின. இங்கிலாந்தின் டட்லி நகரில் இருந்த டெரான் நிறுவனம் 8 மி.மீ. வாடகையில் தொடங்கி, பின்னால் தானே பிரதி போட்டு விற்றது; வீடியோவையும் டிவிடியையும் தாண்டி 2011இல்தான் மூடியது. படத்தேர்வில் இந்தக் கடைகள் எல்லாமே சுமார்தான். பெரும்பாலும் பழைய நகைச்சுவைக் குறும்படம், கார்ட்டூன், பேய்ப்படத்தின் சுருக்கம். கடைகளைத் தரம் பிரிக்க வேண்டுமானால் ரீல் திரும்பி வந்ததும் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

நல்ல நூலகம் வாடிக்கையாளரிடம் 'திரும்பச் சுற்றாமல் அனுப்புங்கள்' என்று கேட்கும். அது தாராள மனசு அல்ல. எப்படியும் கடை மேசையில் ஒருமுறை சுற்றியே ஆக வேண்டும். அந்தச் சுற்றிலேயே சோதனையும் முடிந்துவிடும். பருத்திக் கையுறை போட்ட விரல்களுக்கு நடுவே பிலிமின் இரு ஓரங்களும் ஓடும். துளை கிழிந்திருந்தால் துணி மாட்டும், ஒட்டு பிரிந்திருந்தால் தட்டும். அந்த இடத்தில் நிறுத்தி, கிழிந்த கட்டங்களை வெட்டி, டேப்பால் ஒட்டுவார்கள். அதிகம் கிழிவது ரீலின் முதல் சில அடிகள். பிலிமைத் தானாகவே உள்ளே இழுத்து மாட்டிக்கொள்ளும் புரொஜெக்டர்களில், முனை சுருண்டிருந்தால் உள்ளே போய் மடங்கி நசுங்கும். அதனால்தான் கடைக்காரர்கள் முன்னால் நீளமாக லீடர், அதாவது படமில்லாத வெற்றுப் பிலிம், ஒட்டி, நசுங்க நசுங்க வெட்டிப் புதிது மாற்றினார்கள். வாங்கப்போகும் ரீலில் லீடர் நீளமாகவும், படத்தின் பிலிமைவிடப் புதிதாகவும் இருந்தால் அது நல்ல கடைப் பிள்ளை.

ஒட்டுகளை எண்ணுங்கள். 400 அடியில் மூன்று நான்கு இருந்தால் கவலையில்லை. பத்துக்கு மேல் போனால் கதையே தத்திக்கொண்டு போகும். சூப்பர் 8இல் காந்தப் பட்டையில் உள்ள ஒலி, தன் படத்துக்கு 18 கட்டம் முன்னால் இருக்கிறது. எனவே வெட்டிய இடத்தில் படம் ஒரு கணத்திலும் ஒலி முக்கால் நொடி தள்ளி இன்னொரு கணத்திலும் துள்ளும். காந்தப் பட்டையின் மேலும் டேப் ஏறியிருந்தால் அங்கே ஒலி அமுங்கிப் போகும். நல்ல கை பட்டையை விட்டுவிட்டுத்தான் ஒட்டியிருக்கும்.

வாடகைப் பிரதிக்கே உரிய ஒரு வியாதி உண்டு. ஒலி புரொஜெக்டர்கள் பலவற்றில் பதிவு செய்யும் வசதியும் சேர்ந்தே இருந்தது. யாராவது தெரியாமல் அந்தப் பொத்தானை அழுத்தினால் ஒலி அழிந்து, அந்த வீட்டு மைக்கில் விழுந்தது மிஞ்சும். விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாத சேதம் இது; முழுக்க ஓட்டிக் கேட்டால்தான் தெரியும். வாங்கும்போது நடுவில் ஐந்து நிமிடமாவது கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நீளக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். சூப்பர் 8இல் ஓர் அடிக்கு 72 கட்டம். நொடிக்கு 24 கட்டம் என்றால் நிமிடத்துக்கு 20 அடி. 200 அடி பத்து நிமிடம், 400 அடி இருபது. ஒன்றரை மணி நேரப் படம் முழுதாக இருந்தால் 1,800 அடி வர வேண்டும். 'முழுப்படம்' என்று எழுதி மூன்று 400 அடி ரீல் மட்டும் இருந்தால், அது சுருக்கம், அல்லது ஒரு ரீல் எங்கேயோ தங்கிவிட்டது. பழைய ஸ்டாண்டர்டு 8 வேறு. துளை பெரிது, அடிக்கு 80 கட்டம். அதை சூப்பர் 8 மட்டும் ஓட்டும் கருவியில் போட்டால் துளைகளைக் கிழித்துவிடும். டப்பாவை நம்பாமல் துளையைப் பாருங்கள்.

கீறலில் இரண்டு ஜாதி. திரையில் கறுப்புக் கோடாக விழுவது பின்பக்கக் கீறல். துடைத்து, பிலிம் திரவம் பூசினால் ஓரளவு மறையும். வண்ணப் படத்தில் பச்சைக் கோடு தெரிந்தால் மேலே இருந்த மெஜந்தா (கருஞ்சிவப்பு) சாய அடுக்கே உரிந்துவிட்டது; அதற்கு மருந்தில்லை. படம் முழுக்க ஒரே நேர்கோடு ஓடினால் ஏதோ ஒரு வீட்டுப் புரொஜெக்டரின் கேட்டில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் பிலிம் ஓடும் இடத்தில், மணல் துகள் இருந்திருக்கிறது.

நிறம் போவதற்கு வாடகைக் கடையைத் திட்ட முடியாது. 1980களுக்கு முந்தைய ஈஸ்ட்மன்கலர் (கோடக்கின் வண்ணப் பிலிம்) பிரதிகளில் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் இருட்டில் கிடந்தாலும் மங்கும், படம் சிவந்துபோகும். லென்ஸுக்கு முன் சயான் ஃபில்டர் வைத்தால் முகம் கொஞ்சம் முகமாகத் தெரியும், வெளிச்சம் குறையும். கறுப்பு வெள்ளையில் இந்தத் தொல்லை இல்லை.

டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். புளித்த வினிகர் வாடை வந்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. காந்தப் பட்டை இரும்பு ஆக்சைடு என்பதால் ஒலிப் பிரதியில் இது இன்னும் வேகமாக நடக்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மற்ற ரீல்களோடு வைக்கவே கூடாது. பாலியெஸ்டர் பிலிமுக்கு இந்த நோய் வராது. ஆனால் பசை ஒட்டாது, டேப் ஒட்டுதான்.

கடைசியாக, கருவி. நல்ல ரீல் வாங்கி மோசமான புரொஜெக்டரில் கிழிப்பதுதான் இன்று அதிகம் நடக்கிறது. எல்மோ எஸ்.டி. 1200 என்ற சூப்பர் 8 ஒலி புரொஜெக்டரில் உள்ளே ஒரு வெள்ளை நைலான் வார்ம் கியர் (திருகுப் பல்சக்கரம்) வெடிக்கும்; ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டும். இந்த இரண்டையும் மாற்றாமல் அதில் வாடகைப் பிரதி மட்டுமல்ல, எதையுமே ஓட்டாதீர்கள். தூக்கிப் போடலாம் என்று தோன்றும் 50 அடி வீட்டுப் படம் எதையாவது முதலில் ஓட்டிப் பாருங்கள். அது கீறாமல் வெளியே வந்தால் மட்டும் 400 அடியை மாட்டுங்கள்.

மதிப்பீடு கேட்டால்: கறுப்பு வெள்ளை, 400 அடி, புது லீடர், விரல்விட்டு எண்ணும் அளவு ஒட்டு, வாடை இல்லாதது என்றால் நூலக முத்திரை இருப்பதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குங்கள். வண்ண ஒலிப் பிரதி என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அடுத்த டப்பாவுக்குப் போங்கள்.