பாகூர் பக்கம் குளத்துக் கரை கட்டித் தரும் மேஸ்திரி: வேலை எப்படி?

2024 டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்கெனவே ஊறிக் கிடந்த புதுச்சேரி பாகூர் வயல்களில் ஆற்றுத் தண்ணீரும் ஏறியது. எங்கள் நிலத்துக் குளம் ஒரு மூலையில் உடைத்துக்கொண்டு, கரை மண் முழுக்கப் பக்கத்துக்காரர் நெல்லின் மேல் போய்ப் படிந்தது. கரை என்னுடையது, நஷ்டம் அவருக்கு. அடுத்த கோடையில் கடலூர் பக்கத்து மேஸ்திரி ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். பலர் விசாரிப்பதால் எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் குளத்தை ஏன் என்று கேட்க அணைச் சட்டமும் வராது, ஈரநில விதியும் வராது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் சில நிபந்தனைகள் உண்டு. என் கரை ஆள் உயரம். 2017 ஈரநில விதிகளோ, பாசனத்துக்காக மனிதர் வெட்டிய குளங்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கரை நிற்பதும் தாழைக்கோழி மாதிரி நீர்ப்பறவைகள் தங்குவதும் நிலத்துக்காரனும் அவன் கூப்பிடும் மேஸ்திரியும் பார்த்துச் செய்தால்தான் உண்டு.

முதல் நாள் ஜேசிபி வரவில்லை. கடப்பாரையோடு அவர் மட்டும் வந்து கரையைச் சுற்றினார். எலி வளை, நண்டு வளை எல்லாம் குத்திப் பார்த்தார். உடைந்த மூலையில் நின்ற வேலிக்காத்தானை வேரோடு தோண்டச் சொன்னார். "மரத்த மட்டும் வெட்டினா வேர் மக்கிடும்ணே, அந்த வழியா தண்ணி உள்ள பூந்துரும்."

பழைய கரையைப் படிப்படியாக வெட்டினார், புது மண் அதில் பிடித்து உட்காரட்டும் என்று. ஒரு சாணுக்கு மேல் மண் போட விடமாட்டார். தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டிய பிறகுதான் அடுத்த அடுக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பார்ப்பார்: உருண்டை உதிரவும் கூடாது, கையில் ஒட்டவும் கூடாது. டிப்பரில் கொட்டி பக்கெட்டால் தட்டிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அப்புறம், இதே தென்பெண்ணையில் 25 கோடி ரூபாயில் கட்டிய தளவானூர் தடுப்பணை திறந்த சில மாதத்திலேயே, 2021 ஜனவரியில், சுவர் சரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். புது வேலை என்றாலே கிட்டப் போய் நிற்காமல் மனசு ஆறாது.

குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலிங்கலையும் அகலப்படுத்தினார். மண் கரை மேல் தண்ணீர் ஏறி வழியவே கூடாது என்பதில் பிடிவாதம். கூலி மொத்தமாகப் பேசினோம்; மணிக்கணக்கு என்றால் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும்.

ஒரு விஷயத்தில் முட்டிக்கொண்டோம். மேற்கே கோரையும் சம்பும் மண்டிய ஆழமில்லாத பகுதியையும் வழித்து நேராக வெட்டிவிடலாம், தண்ணீர் கூடப் பிடிக்கும் என்றார். முக்குளிப்பான் கூடு கட்டுவது அங்கேதான். தவிர அந்தப் பக்கம் கரையே கிடையாது, வயல்மேடு சரிந்து இறங்குகிறது. கரையோரம் புதர் இல்லாமல் இருந்தால்தான் பொத்தல் கண்ணில் படும், சரி. கரையே இல்லாத இடத்தில் எதற்கு வழிக்க வேண்டும்? முணுமுணுத்தார், ஆனால் கை வைக்கவில்லை.

குறை மதகு ஷட்டர்தான். திருகு பாதியில் சிக்குகிறது, அடியில் கசிகிறது. எத்தனை போன் போட்டாலும் "நாளைக்கு வரேன்ணே." கடைசியில் உள்ளூர் வெல்டிங் கடைக்காரர்தான் சரி செய்தார். இரும்பு வேலையை இவரிடம் கொடுக்காதீர்கள்.

மண் என்றால் ஆளே வேறு. மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும் என்று பெரிய அணைக்காரர்களுக்குத்தான் சட்டம் சொல்கிறது. இவரோ நான் கூப்பிடாமலே ஐப்பசிக்கு முன்னால் வந்து கரையை ஒரு சுற்று சுற்றினார். கார்த்திகையில் வெளிப்பக்க அடிவாரத்தில் ஈரம் கண்டு படம் அனுப்பினேன். ஒரே கேள்வி: "தெளிவா வருதா, கலங்கலா வருதா?" கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தமாம். தெளிவாகத்தான் வந்தது. மறுநாளே வந்து அந்த இடத்தில் ஆற்று மணலும் மேலே ஜல்லியும் பரப்பினார். களிமண் அப்பி அடைக்க வந்த என் ஆளைத் திட்டினார். தண்ணீர் வெளியே போகட்டும், மண் போகக் கூடாது, அவ்வளவுதான் என்றார்.

ஐந்துக்கு நான்கு ஸ்டார், ஒன்று ஷட்டருக்காகப் போயிற்று. ஆழம் மட்டும் போதும், கலிங்கல் எல்லாம் தண்டச் செலவு என்று நினைப்பவர்கள் இவரைக் கூப்பிட வேண்டாம், சண்டைதான் வரும்.